அரங்கிலிருந்து ஒருவர்

இடைவேளை என்றால் மூச்சு விடுவதற்கு என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஒருநாளும் முனைவர் பட்டத்துக்காகப் பொது அரங்கில் நின்று பதில் சொன்னவர்களாக இருக்க முடியாது என்று ஆரபி நினைத்தாள். கையில் தண்ணீர்க் கோப்பை. குடிக்கவில்லை. நடைபாதை ஜன்னலுக்கு வெளியே துரொம்சோ நகரத்தின் பெப்ரவரி வெளிச்சம் அரிசி கழுவின தண்ணீரைப் போலப் பனியின் மேல் கிடந்தது. காலையிலிருந்து, ஆய்வைச் சோதிக்க அழைக்கப்பட்ட இரண்டு எதிர்வாதிகள் அவளை மாறி மாறிக் கேட்டுவிட்டார்கள், முதலில் சுவீடன்காரி, பிறகு கோபன்ஹேகனிலிருந்து வந்த பென்ட். இரண்டு பேரும் மிக மரியாதையாகத்தான் குதறினார்கள். அது ஒன்றும் பயமில்லை. ஐந்து வருடம் அதற்குத்தானே படித்தாள்? பயம் எல்லாம் பென்ட் தொடங்கிய விதத்தில் இருந்தது. ஆய்வைத் திறந்து, முதல் அத்தியாயத்துக்கும் போகாமல், முன்னுரையில் விரலை வைத்தார். "ஒரு அழகான வாக்கியம் இருக்கிறது. கேள்வி கேட்பவரின் கதையைத்தான் பதில் சொல்பவர் சொல்வார், இதை நான் முதலில் கற்றது என் அம்மாவிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவை யார் கேள்வி கேட்டார்கள்?" சபை இலேசாகச் சிரித்தது. ஆரபியும் சிரித்தாள், அம்மாக்கள் எல்லாரும் அப்படிச் சொல்வார்கள் என்று எதையோ உளறினாள், பென்ட் புன்னகைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். புரட்டிவிட்டார், சரி. ஆனால் அந்த வாக்கியம் புரளவில்லை. ஐந்து வருட உழைப்பில் ஒரே ஒரு வாக்கியத்தை யாரும் கேட்காமல், மேற்கோள் இல்லாமல், அன்பு மேலிட்டு எழுதினாள். அதுதான் இப்போது தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

கடைசி வரிசையில் அவர் உட்கார்ந்திருந்ததை அந்தச் சிரிப்பின் நடுவில்தான் பார்த்தாள். சாம்பல் நிறக் கோட்டு, காதில் கேட்கும் கருவி, மடியில் அவளுடைய ஆய்வு, அதற்குள்ளிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு மஞ்சள் தாள் துண்டு. திருச்செல்வம் மாமா. வடக்கு நோர்வேயில் வந்திறங்கிய தமிழர்களில் பாதிப்பேருக்கு மொழிபெயர்ப்பாளராக அவர்தான் வாய். ஆஸ்பத்திரியில் அவர், பள்ளிக்கூடத்தில் அவர், பொலிசில் அவர், குடிவரவு அலுவலகத்தில் அகதி விசாரணைக்கும் அவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். தமிழ்ச் சங்கத்துப் பொங்கலுக்கு வந்து ஓரமாக இருந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அவர் ஏன் வர வேண்டும்? பட்டம் வாங்கும் பிள்ளையை வாழ்த்த வருவது சங்கத்துக்காரர் வழக்கம்தான், இன்னும் நாலு பேர் வந்திருக்கிறார்கள், ஆனால் வாழ்த்த வருகிறவர்கள் ஆய்வை வாசித்துவிட்டா வருவார்கள்? தாள் துண்டு வைத்தா வருவார்கள்? அந்தத் துண்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மேடையிலிருந்தே அளந்து பார்த்தாள். முன்னுரையாக இருந்தால் மேலட்டைக்கு ஒட்டி இருக்கும். கொஞ்சம் உள்ளே இருந்தது போலப் பட்டது. உள்ளே என்றால் எவ்வளவு உள்ளே? இந்த யோசனையிலேயே பென்ட்டின் அடுத்த கேள்வியை இரண்டாம் முறை கேட்க வைத்தாள்.

எல்லாம் அந்த வாக்கியத்தால் வந்தது, அந்த வாக்கியம் இறால் சுத்தம் பண்ணிய ஒரு பின்னேரத்தால் வந்தது. அவளுக்குப் பதினாறு வயது. வார்டோவில், நோர்வேயின் வடகிழக்கு விளிம்பில், கடலுக்கு அடியால் சுரங்கம் போட்டுப் போகிற அந்தத் தீவில்தான் அவள் வளர்ந்தாள். அப்பாவும் அம்மாவும் மீன் தொழிற்சாலையில் வேலை. அன்று பள்ளிக்கூடத்தில் சூனியக்காரி வழக்குகளைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதே தீவில், அதே கோட்டையில், நாலு நூற்றாண்டுக்கு முன்னால் பெண்களைப் பிடித்து விசாரித்து எரித்த கதை. ஆரபி வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "அம்மா, அந்த மனுசியள் தாங்களாகவே ஒப்புக்கொண்டிருக்கினம். பறந்து டோமன் மலைக்குப் போனதாம், பிசாசு அங்கே பிடில் வாசிச்சதாம், தாங்கள் ஆடினதாம். பைத்தியங்கள்." அம்மா இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "பைத்தியமில்லைப் பிள்ளை. கேட்கிறவைக்கு என்ன வேணுமோ அதைத்தான் சொல்லுவினம்." பிறகு இன்னொரு இறால். பிறகு, இறாலைப் பார்த்துக்கொண்டே, "என்னையும் கேட்டவை" என்றாள். ஆரபி நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவுக்கு ஒரு அக்கா இருந்ததே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சிவமலர். அம்மா தவமலருக்கு அக்கா சிவமலர். ஊரில் ஒரு நாள் இராணுவ ஜீப்பில் வந்தவர்கள் அவளை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போனார்கள், முகாமில் வைத்திருந்தார்கள், திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்த அக்கா சாப்பிடவில்லை, பேசவில்லை, ஒரு மழைக்காலம்கூடத் தாண்டவில்லை. நோர்வேக்கு வந்து அகதி அந்தஸ்துக் கேட்டபோது, விசாரணை அறையில், அம்மா சொன்னது இது ஒன்றைத்தான். அழுது அழுது அக்காவைப் பற்றியே சொன்னாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரிக்கு அது பிடிபடவில்லை. கெட்ட மனிதர் இல்லை, தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவர். ஆனால் அவர் கையிலிருந்த கேள்வி ஒன்றுதான். உங்களுக்கு என்ன நடந்தது? அக்காவுக்கு நடந்தது சரி, உங்களுக்கு நேராக என்ன நடந்தது? அம்மாவுக்கு நேராக ஒன்றும் நடக்கவில்லை. அக்காவின் தலையை மடியில் வைத்திருந்தாள், அவ்வளவுதான். அதை எந்தக் கேள்விக்குப் பதிலாக வைப்பது? மொழிபெயர்க்க இருந்த திருச்செல்வம் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாராம். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, ஜீப் வந்ததையும் முகாமையும் திரும்பி வந்ததையும் சொன்னாராம், அம்மாவுக்கு நடந்ததாக. எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது அம்மாவுக்கு விளங்கியது. "நான் பேசாமல் தலையாட்டினன்" என்றாள் அம்மா. இறால் முடிந்திருந்தது. கையைக் கழுவினாள். அதன் பிறகு அந்தக் கதையை அவள் எடுக்கவே இல்லை.

ஆனால் ஆரபியின் தலைக்குள் அது எங்கேயும் போகவில்லை. பல்கலைக்கழகம் போனாள், அந்தக் காலத்தில் நோர்வேயை ஆண்டவர்களின் பழைய டேனிஷ் எழுத்தை வாசிக்கப் பழகினாள், விசாரணைப் பதிவுகளுக்குள் இறங்கினாள். இறங்கிப் பார்த்தால் அந்த மீனவப் பெண்களின் வாயில் ஜெர்மனி இருந்தது. அவர்கள் வாழ்நாளில் பார்த்திராத ஜெர்மன் மலைகளின் பிசாசு விருந்து இருந்தது. கோட்டைக்கு அதிகாரியாக வந்த ஸ்காட்லாந்துக்காரனோடு வந்திறங்கிய கதைகள் இருந்தன. அங்கே எழுதி, இங்கே அச்சடித்து, கப்பலில் ஏறிப் பாதிரிமாரின் பெட்டிகளில் வந்த ஐரோப்பா முழுவதும் கேள்வியாக மாறி, குளிரில் நடுங்குகிற ஒருத்தியின் பதிலாக வெளியே வந்தது. பிறகு அந்தப் பதில்களைத்தான் தெற்கேயிருந்த கவிஞர்கள் எடுத்து, வடக்கின் ஆதி இருட்டு, காட்டு மந்திரம் என்று பாட்டுக் கட்டினார்கள். வடக்கு எங்கே பேசியது? ஐரோப்பா தன் கதையைத் தானே கேட்டுத் தானே பயந்தது. இதுதான் ஆய்வு. பேராசிரியர்கள் பாராட்டினார்கள். அம்மா மட்டும் கொஞ்ச நாள், பிள்ளை சாமியைப் பற்றிப் படிக்கிறாள் என்று சங்கத்தில் பெருமை பேசிக்கொண்டு திரிந்தாள். வடக்கின் பழங்குடிகளுக்குச் சாமி என்று பெயர், மூன்றாம் அத்தியாயம் அவர்களில் ஒருத்தியின் வழக்கு என்று திருத்திச் சொன்னபோது, "அது தெரியும், ஆனால் கேட்கிற ஆக்களுக்குக் கடவுள் எண்டால்தானே நல்லாயிருக்கும்" என்றாள். பார், அங்கேயும் அதே வாக்கியம்.

நோர்வேயில் இந்தச் சடங்கில் ஒரு வழக்கம் உண்டு. எதிர்வாதிகள் முடித்த பிறகு, இடைவேளையில், அரங்கில் இருக்கிற எவரும் சபையை நடத்தும் தலைவரிடம் போய் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது என்று சொல்லலாம். பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. தெருவில் போனவர் குளிருக்கு ஒதுங்கியிருந்தாலும் போதும். சொல்லிவிட்டால் அவருக்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும், பட்டத்துக்கு நிற்பவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். யாரும் சொல்வதில்லை. தலைவர் சம்பிரதாயத்துக்குக் கேட்பார், ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள், கலைந்து வைன் குடிக்கப் போவார்கள். ஆரபி போயிருந்த அத்தனை அரங்குகளிலும் அப்படித்தான். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவள் கோப்பையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள். பிறகு, இல்லாவிட்டால்? ஒரு மனிதன் வயதான காலத்தில் மனச்சாட்சி உறுத்தி வந்திருந்தால்? உங்கள் அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்த்தேன், அம்மா சொன்னது வேறு என்று இத்தனை பேர் நடுவில் சொன்னால்? பொய்த் தகவலில் வாங்கிய குடியுரிமையை எத்தனை வருடம் கழித்தும் பறிக்கலாம், பறித்திருக்கிறார்கள், பேரப்பிள்ளை கண்டவர்களை அழைத்துத் திரும்பவும் முதலிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அம்மாவை மறுபடி ஒரு மேசைக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். உங்களுக்கு என்ன நடந்தது? முழங்கால் வலியோடு, வாசித்தால் தலை சுற்றுகிற கண்ணாடியோடு, அம்மா அங்கே இருந்து என்ன சொல்லுவாள்? அந்த வாக்கியத்தை எழுதிய கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது, உண்மையாகவே அப்படி இருந்தது.

"இந்தா, ஒரு ரோல்ஸ் கடி. வெறும் வயித்தோட நிண்டு கதைக்கிறாய்." அம்மா. மாம்பழ நிறப் பட்டுச்சேலை, காலில் பனிச் சப்பாத்து, கையில் பிளாஸ்டிக் பெட்டி. நேற்று முழுவதும் உருட்டி உருட்டி எண்ணெயில் போட்டது. எதிர்வாதிகளுக்கும் கொடுத்திருக்கிறாள் போல, பென்ட் தூரத்தில் உறைப்புக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"பசிக்கேல்லை அம்மா. அவர் ஏன் வந்தவர்?"

"ஆர்?"

"தெரியாத மாதிரிக் கேட்காதேங்கோ. திருச்செல்வம் மாமா."

"அவரோ. நாங்கள் கூப்பிடேல்லை. வாசல்ல கண்டு சுகம் கேட்டனான். உன்ர புத்தகத்தை முழுக்க வாசிச்சவராம்."

"வேற என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். வயசு போட்டுது, பாவம், கை நடுங்குது." அம்மா பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். மூடின பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் ஆரபி கவனித்தாள், அம்மாவும் பயந்துதான் போயிருக்கிறாள். எப்போதிருந்து? காலையிலிருந்தா, பென்ட்டின் முதல் கேள்வியிலிருந்தா, இல்லை முப்பது வருடமாகவா? இந்த மனுசி இரவல் வீட்டில் இருப்பதைப் போலத்தான் இந்த நாட்டில் இருந்திருக்கிறாள். சத்தமாகக் கதவைச் சாத்த மாட்டாள். வீட்டுச் சுவரில் அப்பாவின் படம் இருக்கிறது, பிள்ளையார் இருக்கிறார், ஆரபியின் பள்ளிக்கூடப் படங்கள் வரிசையாக இருக்கின்றன. சிவமலர் பெரியம்மா இல்லை. பொட்டு வைத்து மாலை போட்ட படத்தை யாராவது பார்த்து, யார் இது, எப்படிச் செத்தா என்று கேட்டால், அம்மாவுக்கு நடந்ததாகப் பதிவில் இருக்கிற கதைக்குச் சொந்தக்காரர் இரண்டு பேர் ஆகிவிடும். அதனால் படம் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் குப்புறக் கிடக்கிறது. திவசத்துக்கு வருடா வருடம் அம்மா கதவைப் பூட்டிக்கொண்டு தனியாகச் சோறு படைப்பாள்.

கண்ணாடிக் கதவு வழியாக அரங்கு தெரிந்தது. தலைவர் இங்குன் மேசையருகே நின்று தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையிலிருந்து சாம்பல் நிறக் கோட்டு எழுந்தது. படிகளில் ஒவ்வொன்றாக, கைப்பிடியைப் பிடித்து, இறங்கியது. கழிப்பறைக்குப் போகிறார் என்று ஆரபி நினைத்தாள், அப்படி நினைக்க விரும்பினாள். கழிப்பறை மறுபக்கம். அவர் இங்குனிடம் போனார், குனிந்து ஏதோ சொன்னார், புத்தகத்தைத் தொட்டுக் காட்டினார். இங்குன் புருவத்தை உயர்த்தி, பிறகு தலையாட்டி, பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது. ஓடிப்போய் மாமா, தயவுசெய்து என்று கையைப் பிடிக்கலாமா? எந்த மொழியில் பிடிப்பது? தமிழில் கேட்டால் அவருக்கு இரக்கம் வரும், ஆனால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். காய்ச்சல் என்று சொல்லி நிறுத்தலாமா? மயங்கி விழலாமா? அந்தக் காலத்துப் பெண்கள் கட்டி வைத்த கயிற்றின் முடிச்சை அவிழ்த்துப் புயலை வரவழைத்தார்களாம், அப்படி ஒரு முடிச்சு கையில் இருந்தால் இப்போதே அவிழ்த்து இந்தக் கட்டிடத்தைப் பனியில் மூடிவிடுவாள். இவ்வளவு படித்து இங்கேதான் வந்து நிற்கிறோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் அழுகையாகப் பார்த்தது. மணி அடித்தார்கள். கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அம்மா முன்வரிசைக்குப் போய்ச் சேலையை ஒதுக்கி உட்கார்ந்தாள், மடியில் ரோல்ஸ் பெட்டி.

"அரங்கிலிருந்து ஒருவர் கேள்வி கேட்க விரும்பியிருக்கிறார்" என்றார் இங்குன். குரலில் கொஞ்சம் வேடிக்கை. ஆட்கள் ஆர்வமாகத் திரும்பினார்கள். திருச்செல்வம் எழுந்து நின்றார். காதுக் கருவியைச் சரி செய்தார். பக்கத்தைத் திறக்க அவருக்கு நேரமெடுத்தது, மஞ்சள் துண்டு தரையில் விழுந்தது, யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். அவருடைய நோர்வேஜியன் அலுவலகக் கதிரைகளில் தேய்ந்து தேய்ந்து வழுவழுப்பாகியிருந்த மொழி. பிழையே இல்லை, உயிரும் அதிகம் இல்லை.

"மூன்றாம் அத்தியாயம்" என்றார். முன்னுரை இல்லை. ஆரபி மேசை விளிம்பைப் பிடித்தாள். "அந்தச் சாமிப் பெண்ணுக்கு டேனிஷ் தெரியாது. நீதிபதிக்கு அவள் மொழி தெரியாது. நடுவில் ஒருவர் நின்றிருக்கிறார். பதிவில் மொழி தெரிந்தவர் என்று மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. நீங்களும் அவரை ஒரே ஒரு வரியில் கடந்து போகிறீர்கள். கேட்டவர்களைப் பற்றி நூறு பக்கம், பதில் சொன்னவளைப் பற்றி நூறு பக்கம்." புத்தகத்தை மூடினார். "அந்த ஆள் அவள் சொன்னதை அப்படியே சொல்லியிருப்பார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை, அவளைக் காப்பாற்ற நினைத்து, அவள் சொல்லாத ஒன்றை அவர் சொல்லியிருந்தால், நீங்கள் அவரை என்ன சொல்லுவீர்கள்? பொய்யர் என்றா?"

நல்ல கேள்வி என்ற அர்த்தத்தில் பென்ட் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆரபி அவரைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தாள், அம்மா சொன்னது போல அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. காட்டிக்கொடுக்க வந்த கை இப்படி நடுங்காது. இந்த மனிதரும் பயந்துதான் வந்திருக்கிறார், இவளுடைய புத்தகத்துக்குப் பயந்து. முன்னுரை வாக்கியத்தை வாசித்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும், என்னைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறாள் என்று ஒவ்வொரு பக்கமாகத் தேடியிருக்கிறார், தேடித் தன்னைக் கண்டது அந்த ஒரு வரியில்தான். விசாரிக்க வந்தவர் இல்லை இவர். விசாரியுங்கள் என்று வந்து நிற்கிறார். அம்மாவின் பக்கம் அவள் திரும்பவில்லை, திரும்பினால் அழுதுவிடுவாள். பதில் சொல்லியே ஆக வேண்டும், அதுதான் வழக்கம். ஆனால் இந்தக் கேள்விக்குள் அவள் சொல்ல வேண்டிய கதை எதுவும் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கவில்லை. ஐந்து வருடத்தில் அப்படியொரு கேள்வியை அவள் சந்தித்ததில்லை.

"நீங்கள் சொல்வது சரி" என்றாள். "அவரை நான் பார்க்கவில்லை. அது என் ஆய்வில் உள்ள ஓட்டை, அதை ஒத்துக்கொள்கிறேன்." இங்குன் எதையோ குறித்தார். "இந்த வழக்கில் அவர் அப்படிச் செய்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்தப் பெண்ணை எரித்தார்கள். எரிக்கப்பட்டவர்களைப் பற்றித்தான் இவ்வளவு பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் வேறு எங்காவது, வேறு ஒரு அறையில், நடுவில் நின்ற ஒருவர் அப்படிச் செய்திருந்தால், அந்தப் பெண் வீட்டுக்குப் போயிருப்பாள். சமைத்திருப்பாள், பிள்ளை பெற்றிருப்பாள், வயதாகியிருப்பாள். அவளைப் பற்றி யாரும் எதையும் எழுதியிருக்க மாட்டார்கள். அதனால் எனக்கு அவர்களைத் தெரியாது. காப்பாற்றப்பட்டவர்களை வாசிக்க எனக்கு வழியில்லை." அவரை நேராகப் பார்த்தாள். "பொய்யர் என்று சொல்ல மாட்டேன். அவரைக் கண்டால் நன்றி சொல்லுவேன்."

திருச்செல்வம் அப்படியே நின்றார். பதில் காதில் விழவில்லையோ என்று பக்கத்திலிருந்த பெண் அவர் கையைத் தொட்டாள். "கேட்டது" என்றார் அவர். நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உட்காரும்போது கதிரையைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குழு வெளியே போய் உள்ளே வந்தது, இங்குன் எழுந்து தகுதி என்று அறிவித்தார், கைதட்டினார்கள், யாரோ பூ கொடுத்தார்கள், பென்ட் கட்டிப்பிடித்தார், அவரிடம் இன்னும் மிளகாய் மணம். அந்த ஓட்டையைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றார். எழுதலாம் என்றாள். கடைசி வரிசையைப் பார்த்தாள், காலியாக இருந்தது. போய்விட்டாரா? கண்கள் தேடின. அம்மா பனிச் சப்பாத்தோடு படியேறி வாசலில் அவரை மறித்து நின்று, பெட்டியைத் திறந்து, ரோல்ஸை ஒவ்வொன்றாக எடுத்து அவருடைய கோட்டுப் பைக்குள் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு அம்மா வெறும் பெட்டியோடு மெல்ல இறங்கி வந்தாள். ஆரபியின் கன்னத்தில் எண்ணெய்க் கையால் தொட்டாள், பூங்கொத்தை வாங்கி வைத்துக்கொண்டாள், கைதட்டியவர்கள் விலகிப் போகும்வரை காத்திருந்தாள்.

"பிள்ளை" என்றாள் அம்மா, தமிழ்தான் என்றாலும் யாருக்கும் கேட்கக்கூடாது என்பதைப் போல. "இனி அக்காவின்ர படத்தைச் சுவரில மாட்டலாமோ?"